இருவர் படகும் நம்மவரும்

பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றி இப்பத்திரிகையில் சில வரிகள் வெளியான மறுநாள், ஊத்துக்குளிக் கடைவீதியில் வெண்ணெய் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஏனுங்க வக்கீல் ஐயா, நம்மூருக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? கெணத்துல தண்ணி இல்லீன்னு எழுதுனா படிப்போமுங்க. படகு ஓடுதுன்னு எழுதுனா யாருங்க படிப்பாங்க?” அவருடைய கேள்வியில் குறும்பு இருந்ததே தவிர விரோதம் இல்லை. தெருவில் நின்றபடி நாம் அவருக்குச் சொன்ன பதில் நமக்கே திருப்தியளிக்கவில்லை. ஆகவே இன்று இவ்விடத்தில் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம். அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. அந்தப் பாதி நியாயம் எங்கே போய் முட்டுகிறது என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

நாம் பிரஸ்தாபிக்கும் படகு இரண்டே பேர் ஏறுவது. நீளம் 4.99 மீட்டர். அந்த அளவினின்றே ‘ஃபார்ட்டிநைனர்’ என்ற பெயர் அதற்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜூலியன் பெத்வெய்ட் என்பவர் வகுத்த இப்படகு 2000-ம் வருஷத்து சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தது. இதே உடலில் சற்றுச் சிறிய பாய்களைப் பூட்டிப் பெண்களுக்கென அமைத்த ‘எஃப்எக்ஸ்’ என்ற வகுப்பு 2016-ல் ரியோவில் சேர்க்கப்பட்டது. படகின் இருமருங்கிலும் இறக்கைகளைப்போல் இரண்டு சட்டங்கள் நீண்டிருக்கும். காற்று பாயை அழுத்தும்போது படகு கவிழப் பார்க்கிறது. அதைக் கவிழவொட்டாமல் தடுப்பதற்கு அடியில் ஈயமோ இரும்போ கிடையாது. அவ்விருவருடைய உடற்பாரமே உண்டு. மரத்தின் மேற்பகுதியிலிருந்து இறங்கும் கம்பியில் தத்தம் இடுப்புப் பட்டையைக் கொக்கியிட்டுக்கொண்டு, இறக்கையின் விளிம்பிலே பாதத்தை ஊன்றி, உடல் முழுவதும் தண்ணீருக்கு மேலே கிடக்கும்படி இருவரும் வெளியே சாய்ந்து நிற்கிறார்கள்.

ஒருவர் கையில் சுக்கான். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறும்போது பெரும்பாயின் கயிறு மற்றவர் கையில். வேறு பல படகுகளில் சுக்கான் பிடிப்பவரே பெரும்பாயையும் வைத்துக்கொண்டு மற்றவரை வேலைக்காரர்போல் நடத்துவது வழக்கம். இதில் அது நடவாது. ஒருவர் திசையை மாற்ற எண்ணினால் அவர் வாய் திறப்பதற்கு முன்னே மற்றவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். திருப்பத்தில் இருவரும் ஒரே கணத்தில் கம்பியை விட்டு, படகின் குறுக்கே ஓடி, மறுபுறத்துக் கம்பியைப் பற்றவேண்டும். ஒருவர் அரை வினாடி பிந்தினாலும் இருவருக்கும் ஸ்நானந்தான்! காற்று பின்னாலிருந்து வரும்போது பலூனைப்போல் உப்பும் மூன்றாவது பாய் ஒன்றும் விரிகிறது. மூன்று பாய்களையும் சுக்கானையும் நான்கு கைகளால் ஆளவேண்டும். நமது தேசத்துக் கமிட்டிகளில் அங்கம் வகிப்போர் ஒருநாள் இப்படகில் ஏற்றிவிடப்பட்டால், ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குச் சீக்கிரம் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

பந்தயம் ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. டோக்கியோவில் 12 ஓட்டங்கள். அவற்றில் முதல் 10 இடங்களைப் பெற்றோருக்குமட்டும் கடைசியாக ஒரு பதக்க ஓட்டம். அதில் புள்ளிகள் இரட்டிப்பு. முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவது வருபவருக்கு 2 என்ற கணக்கில், எவர் புள்ளி குறைவோ அவரே வென்றவர். நியூஜிலாந்து தேசத்துப் பீட்டர் பர்லிங்கும் பிளேர் டியூக்கும் இவ்வகுப்பில் பெரும் பெயர் பெற்றவர்கள். 6 முறை உலகப் பட்டம் பெற்ற அவ்விருவர் 2012-ல் லண்டனில் வெள்ளியும் 2016-ல் ரியோவில் தங்கமும் வென்றார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்களும் பிரிட்டனின் டிலன் ஃப்ளெச்சர், ஸ்டூவர்ட் பித்தெல் ஜோடியும் மொத்தப் புள்ளிகளில் சமமாக வந்து நின்றார்கள். கடைசி ஓட்டத்தில் முன்வந்த பிரிட்டிஷாருக்குத் தங்கம் போயிற்று. 2024-ல் மார்செய் கடலில் ஸ்பெயின் தேசத்து டியேகோ போட்டீனும் ஃப்ளோரியன் டிரிட்டெலும் வென்றார்கள்.

நிற்க. நம்மவர் நிலை என்ன? 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த ஃபார்ட்டிநைனர் வகுப்பில் வெண்கலம் பெற்ற வருண் தாக்கர், கே.சி. கணபதி ஆகிய இருவரும் சென்னைத் துறைமுகத்து நீரில் சிறு வயது முதல் பயின்றவர்கள். அதே விளையாட்டில் பெண்களுக்கான எஃப்எக்ஸ் வகுப்பில் சென்னை வர்ஷா கௌதம், சுவேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி வென்றார். அதற்கு நாலு வருஷம் முன்னே, 2014-ல் இன்சியோனில், இதே வர்ஷா கௌதமும் ஐசுவரியா நெடுஞ்செழியனும் ‘ட்வென்டிநைனர்’ என்ற இதன் இளைய படகில் வெண்கலம் பெற்றிருந்தார்கள். 2021 ஏப்ரலில் ஓமன் தேசத்து முஸன்னாவில் நடந்த தகுதிப் பந்தயத்தின் மூலம் வருணும் கணபதியும் டோக்கியோவுக்குத் தேர்வானார்கள். தனிப் படகுகளில் சென்னை நேத்ரா குமணனும், வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணனும் தேர்வாயினர். ஒரே ஒலிம்பிக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட படகு வகுப்புகளில் இந்தியா பந்தயம் ஓட்டியது அதுவே முதல் தடவை. அந்த நால்வரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் அல்லது இங்கே பயின்றவர்கள் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளே எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லின? கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் விரலில் சுளுக்குப் பிடித்தால் முதல் பக்கத்தில் போடுகிறோம். நாமும் அக்குற்றத்திலிருந்து தப்பியவர்களல்ல.

டோக்கியோவில் நமது ஜோடி 19 படகுகளில் 17-வதாக வந்தது. இதை மறைத்து எழுதும் தேசபக்தி நமக்கு உடன்பாடன்று. 17-வது இடம் 17-வது இடந்தான். ஆனால் அந்தப் 19 ஜோடிகளில் பெரும்பாலானவை வருஷம் முழுவதும் ஐரோப்பியக் கடல்களில் ஒன்றோடொன்று மோதிப் பழகியவை. உலகத்தில் முதல்வரிசையில் நிற்கும் படகோட்டிகள் எவரும் பயிற்சிக்காகச் சென்னைக்கு வருவதில்லை. நம்மவரே அவர்கள் இருக்குமிடம் தேடிப் போகவேண்டும். படகு வெளிநாட்டது, பாய் வெளிநாட்டது, பயிற்சி நீரும் பெரும்பாலும் வெளிநாட்டது. அத்தனைக்கும் பணம் வேண்டும். சர்க்கார் பணம் உதவியிருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக்குக்குத் தேர்வான பிறகு கொடுக்கும் பணம் விளைந்த பயிருக்கு எரு இடுவதைப் போன்றது. பத்து வயதில் ஒரு பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்ட செலவு அவரவர் குடும்பத்துச் செலவு.

இங்கேதான் நாம் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். இருவர் படகில் இந்தியாவுக்குக் கீர்த்தி நேற்று வந்ததன்று. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இரு இந்தியர்கள் ‘ஃப்ளையிங் டச்மன்’ என்ற இருவர் படகை ஓட்டினார்கள். 1982 ஆசிய விளையாட்டில் ஃபரூக் தாராபோரும் ஜரீர் கரஞ்ஜியாவும் ‘ஃபயர்பால்’ என்ற இருவர் படகில் தங்கமே வென்றார்கள். ஹோமி மோதிவாலாவும் பி.கே. கர்க்கும் 1993–94-ம் வருஷத்துக்கான கேல் ரத்னா விருதை இருவருமாகப் பெற்றார்கள். நாற்பது, ஐம்பது வருஷத்துக் கீர்த்தி இது. எனினும் இத்தனை வருஷங்களிலும் இப்படகில் ஏறுவதற்கு நமது தேசத்தில் பெரும்பாலும் இரண்டே வாயில்கள் இருந்துவந்திருக்கின்றன. ஒன்று ராணுவம், கடற்படை முதலியவற்றின் உடுப்பு. மற்றொன்று கிளப்பின் அங்கத்தினர் சீட்டு. சென்னையில் படகுக் கிளப் 1911-ல் துறைமுகத் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பொழுதுபோக்காகத் தோன்றியது. வெள்ளைக்காரர் போய்விட்டனர். இன்று அங்கே பயிலும் நம் பிள்ளைகளையும் அவர்களைப் பயிற்றுவிப்போரையும் நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் மேலே எழுதிய பதக்கங்களும் இல்லை. ஆனால் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை உடைய ராஜ்யத்தில், இருவர் படகின் வெற்றி வீரர்கள் எல்லாரும் ஒரே துறைமுகத்தின் ஒரு மூலையிலிருந்துதான் வந்தாகவேண்டுமா?

இராமநாதபுரம் ஜில்லாவில் தொண்டி முதலிய கரையூர்களில் திருவிழாக்களை ஒட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவதை நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். அப்பக்கத்து வத்தையில், காற்றடிக்கும் பக்கமாக ஒரு பலகையை வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். காற்று ஏற ஏற, ஆட்கள் ஒவ்வொருவராக அப்பலகையில் நகர்ந்து சென்று தண்ணீருக்குமேல் நின்று படகை நிமிர்த்துவார்கள். ஜூலியன் பெத்வெய்ட் இறக்கையும் கம்பியும் வைத்துச் செய்த வித்தை இதுவே! வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, அதன் வாசனையைக் கொண்டே நாழிகைக் கணக்கில் மாறுதலைச் சொல்லவல்ல ஜனங்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவனேனும் இதுவரை ஒலிம்பிக்கில் ஃபார்ட்டிநைனர் ஏறியதில்லை. நம் மீனவர் கட்டிய கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு ‘கேடமரான்’ என்றாக்கி, இரட்டை உடற்படகுக்கெல்லாம் அதையே சூட்டினார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஏறும் ‘நாக்ரா 17’ என்ற கேடமரான் 2016 முதல் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. சொல் நம்முடையது; அப்படகில் இந்தியர் ஒருவரும் ஒலிம்பிக்கில் இன்றுவரை ஏறவில்லை. இதில் மானக்கேடு கடல் ஜாதியாருடையதன்று. அவர்களுக்கு அப்படகைக் காட்டாதவர்களுடையது.

இது பணக்காரர் விளையாட்டு, பசித்த தேசத்துக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நமது பதில் சுருக்கமானது. விளையாட்டில் பணக்கார விளையாட்டு என்று ஒன்று பிறவியிலே இல்லை. பணக்காரர் கையில் விடப்பட்டதே பணக்கார விளையாட்டாகிறது. காற்றுக்கு எவரும் கிஸ்தி கட்டுவதில்லை. செலவு படகுக்குத்தான். ஒரு படகைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம். குழந்தைகள் தொடங்குவது ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற பெட்டி போன்ற சிறு படகில். அதை ஒரு சாதாரணத் தச்சர் பலகை கொண்டு செய்யமுடியும். ஃபார்ட்டிநைனரை உள்ளூரில் செய்துவிடலாம் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். எல்லாப் படகும் அணுவளவும் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கவேண்டுமென்பது அவ்வகுப்பின் சட்டம். அனுமதி பெற்ற பட்டறைகள்தாம் செய்யலாம்.

வெளிநாட்டுப் படகை வாங்குவது சுதேசியத்துக்குப் பங்கமல்லவா என்று நமது இளம் தோழர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு வ.உ. சிதம்பரம் பிள்ளையை நினைவூட்டுகிறோம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் தொடங்கியபோது கப்பலைத் தூத்துக்குடியிலேயே கட்டிக்கொண்டுதான் ஓட்டுவேன் என்று காத்திருக்கவில்லை. ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களும் வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவையே. சுதேசியம் எங்கிருந்தது? பங்கில் இருந்தது. ரூ. 25 வீதம் 40,000 பங்கு, 10 லக்ஷம் மூலதனம். சாமானியரும் ஒரு பங்கு வாங்கித் தன் கப்பல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதல்லவா வெள்ளைக்காரக் கம்பெனியை நடுங்கவைத்தது? அந்தக் குற்றத்துக்காகவே அவர் கோயமுத்தூர்ச் சிறையில், இங்கிருந்து ஒரு மணி ரயில் தூரத்தில், செக்கிழுத்தார். கொங்கு நாட்டுக்கும் கடலுக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்ட பெரியவருக்கு இது ஒரு பதில்.

மற்றொரு பதில் துணியில் இருக்கிறது. திருப்பூர் வட்டாரம் வருஷந்தோறும் 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடையைக் கடல் கடந்து அனுப்புகிறது. கப்பலில் ஏறாத பனியன் நமக்குச் சோறு போடுவதில்லை. பின்னல் துணியில் பாய் தைக்கலாம் என்று ஒரு நண்பர் உற்சாகமாகச் சொன்னார், அது ஆகாது. பின்னல் இழுபடும், பாய்க்கு வேண்டியது ஓர் இம்மியும் இழுபடாத துணி, இன்று அது பாலியஸ்டர் படலங்களை ஒட்டிச் செய்யப்படுகிறது. ஆனால் படகோட்டிகள் வெயிலுக்கும் உப்புக்கும் உடலை ஒட்டி அணியும் செயற்கை இழைச் சட்டை பின்னல் துணியே. நம் தொழிற்சாலைகளுக்குப் பழக்கமான வேலையே. சட்டை கொடுப்பதோடு நில்லாமல், ஏற்றுமதி முதலாளிகள் பத்துப் பேர் கூடிச் சில படகுகளை வாங்கித் தொண்டியிலும் தூத்துக்குடியிலும் மீனவப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், அவர்களுடைய ஒருநாள் விற்பனையில் அது ஒரு மூலைக்குக் காணாது.

இனிப் பெரியவரின் பாதி நியாயத்துக்கு வருவோம். கிணற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் படகைப் பற்றி எழுதுவானேன் என்றார். படகுக்குக் கடல் அவசியமன்று. 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் சிறு தனிப்படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், கடலுக்கு வெகுதூரத்தில் மத்தியப் பிரதேசத்து தேவாஸ் பகுதியில் விவசாயி வீட்டில் பிறந்த பெண். அவர் பயின்றது போபால் நகரத்துப் பெரிய ஏரியில். ஹைதராபாத்தில் ஹுசேன் சாகரில் வருஷந்தோறும் பந்தயம் நடக்கிறது. ஏரி இருந்தால் போதும், எவர் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

நமக்கு ஏரி இல்லையா? இருந்தது. ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே, அதிக தூரமில்லாத இடத்தில், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை. சில வருஷங்களுக்குள் அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயச் சாலைகளின் கழிவுநீர். வயல்கள் கெட்டன, கிணறுகள் கெட்டன, கால்நடைகள் குடிக்க மறுத்தன. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் ஹைக்கோர்ட்டார் சாயச் சாலைகளை மூட உத்தரவிடும்வரை அது நடந்தது. பிறகு கழிவைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கவேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் இருபது வருஷம் படிந்த வண்டல் ஒரு தீர்ப்பினால் கரைந்துவிடுவதில்லை. நாம் கோர்ட்டில் வாதாடிப் பிழைப்பவர்களாதலால் தீர்ப்புகளின் சக்தி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர் எத்தனை பேர்! அவர்கள் பாட்டனார்கள் நொய்யலில் குதித்து விளையாடியவர்கள். ஒரு தலைமுறைக்குள் ஆற்றைக் கண்டாலே பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். நீரைத் தொட அஞ்சும் பிள்ளையைப் படகில் ஏற்றுவது எப்படி? வெண்ணெய்க் கடைப் பெரியவரே, கிணற்றுத் தண்ணீரும் படகும் இரண்டு விஷயங்களென்று நீங்கள் நினைத்தீர்கள். ஒரே விஷயந்தான். படகு மிதக்கத் தகுந்த நீர் அணையில் நின்றால் உங்கள் கிணற்றிலும் நல்ல நீர் ஊறும்.

ராஜ்ய சர்க்காரை நாம் கேட்பது இது. துறைமுகத்துப் பயிற்சியிடத்தில் வருஷந்தோறும் குறிப்பிட்ட தொகைப் பிள்ளைகள் மீனவக் குப்பங்களிலிருந்தே எடுக்கப்படவேண்டும். அவர்கள் படிப்புக்கும் உணவுக்கும் சர்க்கார் பொறுப்பேற்கவேண்டும். பாக் நீரிணைக் கரையில் ஓரிடத்திலும் தூத்துக்குடியில் ஓரிடத்திலும் இருவர் படகுகளும் அவற்றைக் கற்பிக்கத் தெரிந்தவர்களும் இருக்கவேண்டும். வருண், கணபதி, வர்ஷா போன்றோர் பந்தயத்திலிருந்து ஓய்வுபெறும் நாளில் அவர்களை வாழ்த்துப் பத்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பாமல் அக்கரையூர்களுக்கு ஆசிரியர்களாக அழைக்கவேண்டும். ஜில்லா கலெக்டர் ஒரத்துப்பாளையம் நீரை மாதந்தோறும் சோதிக்கச்செய்து முடிவை ஜனங்கள் அறியத் தமிழில் வெளியிடவேண்டும். அந்த முடிவுக்கு இப்பத்திரிகையில் இலவசமாக இடந்தர நாம் சித்தமாயிருக்கிறோம்.

முதலாளிகளுக்கும் தொழிலாளருக்கும் பொதுவாக ஒரு நிதி தொடங்குகிறோம். பங்கு ஒன்றுக்கு ரூ. 25; சிதம்பரம் பிள்ளை வைத்த விலையே. வசூலாகும் தொகையில் முதல் படகு தொண்டிக் கரைக்குச் செல்லும். முதல் 100 பங்குகளை இக்காரியாலயத்தார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கடைவீதிப் பெரியவர் நேற்று வந்து, தலையை ஆட்டிக்கொண்டே, இரண்டு பங்குக்குப் பணம் எண்ணி வைத்துப் போனார். கணக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்பக்கத்தில் வெளியாகும்.